தமிழ்க் கொப்பியின் நாற்றம்

சென்ற வாரம் ஜவாத் மாஸ்டரின் மகள் என் வீட்டுக்கு வந்து பழைய தமிழகராதி ஒன்றை என் கையில் தந்தார். அவருடைய தந்தை மறைந்து நாற்பது நாள்கள் கழிந்திருந்தன.

"ஒங்கட பொத்தகம்னு வாப்பா தனியா வச்சிருந்தாங்க, சேர். குடுக்கணும் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அந்த மகள் உயர்தரத் தேர்வுக்குத் தமிழ் பயின்ற காலத்தில் நான் இரவலாகக் கொடுத்த நூல் அது. தேநீர் அருந்திவிட்டு அவர் விடைபெற்ற பின் அகராதியைத் திறந்தேன். திறந்த வேகத்தில் மூடினேன். தாள்களின் இடுக்கிலிருந்து சிகரெட் நாற்றம் எழுந்து மூக்கில் ஏறிற்று. மழையில் நனைந்த சாம்பலும் புளித்த எச்சிலும் கலந்தாற்போன்ற நாற்றம்.

"என்னாங்க, பழைய கூட்டாளி வந்துட்டாரா? அடுப்படி வரைக்கும் வருது," என்றாள் மனைவி, உள்ளிருந்தபடியே.

இதைப் படிக்கும் நண்பரே, அந்நாற்றத்தை அருவருப்பதற்கு எனக்குள்ள தகுதி ஐயத்துக்குரியது. இருபத்தெட்டு ஆண்டுகள் அதை நானும் பரப்பினேன். சிகரெட்டுக்கு 'வெண்சுருட்டு' என்னும் தூய சொல் இருக்கிறது என்று இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் மாணவர்க்குக் கற்பித்தவனும் நானே. தூய சொல்லால் அதன் நாற்றம் எள்ளளவும் குறைந்ததில்லை.

விடியலில் எழுந்ததும் வெறுந்தேநீருடன் ஒன்று. அடுத்ததைக் கழிவறைக்குள் பற்றவைப்பேன். அதை எழுதக் கை கூசுகிறது, ஆயினும் உண்மை. மாத்தளைப் பேருந்து நிலையத்தில் மூன்றாவது. அது எரிந்து முடியாமல் நான் ஏறுவதில்லை. அதன் பொருட்டு எத்தனை பேருந்துகளைப் போகவிட்டேன் என்பதை நடத்துநர்களே அறிவர். "சேர், அத வீசிட்டு ஏறுங்க" என்று அவர்கள் கெஞ்சியதும் உண்டு. நான்காவது பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில், ஜவாத் மாஸ்டருடன். ஐந்தாவதும் அங்கேயே, இடைவேளையில். மாலையில் வீட்டில் மாணவரின் பாடக் கொப்பிகளைத் திருத்தும்போது எண்ணிக்கை கிடையாது. புகைபிடிப்பதற்கென்று நான் தனியே நேரம் ஒதுக்கியதாக நினைவில்லை. எதைச் செய்தாலும் அது கூடவே வந்தது. அதனாற்றான் விடுவது அரிதாயிற்று. அதை எடுத்துவிட்டால் ஒரு வேலைக்கும் மறு வேலைக்கும் இடையே எப்படிக் கடப்பது என்று எனக்குத் தெரியாது.

மேசையடியில் ஒரு பால்மாத் தகரம் இருந்தது. அடியில் நீர், நீரில் ஊறிய சிகரெட் துண்டுகள், மேலே தேநீர் நிறத்தில் ஓர் ஏடு. அதை மனைவி கையால் தொட்டதில்லை; துடைப்பத்தால் தள்ளுவாள். என் வலக்கை விரல்கள் இரண்டு மஞ்சளாயிருந்தன. எலுமிச்சந்தோலைத் தேய்த்தும் அது போகவில்லை. வாய் நாற்றத்துக்குக் கராம்பு. எங்கள் பகுதியில் அதற்கா பஞ்சம்? சட்டைப்பையில் நான்கைந்து எப்போதும் கிடக்கும். கோயிலுக்குப் போகும்போதும் நெருங்கிய உறவினரைக் காணும்போதும் ஒன்றை மெல்லுவேன். அந்த உபாயத்தில் நான் வெகுகாலம் பெருமை கொண்டிருந்தேன். "கராம்பு சாப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டால் அதன் பொருள் 'சிகரெட் குடிச்சீங்களா?' என்பது எங்கள் உறவினர் அனைவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

ஜவாத் மாஸ்டர் கணிதம் கற்பித்தவர். என்னினும் இரண்டு வயது இளையவர்; நாவில் என்னினும் பத்து வயது இளையவர். எதிர்க்கடைத் தூணில் தும்புக் கயிறொன்று நுனி கனன்றபடி தொங்கும். அவர் இரண்டு சிகரெட்டுகளை வாங்கி, இரண்டையும் தம் வாயில் ஒருசேரக் கவ்வி, கயிற்றை இழுத்துப் பற்றவைத்து, ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுவார். பதினான்கு ஆண்டுகள் நான் அதை மறுசிந்தனையின்றி வாங்கி வாயில் வைத்தேன். தொடக்கத்தில் யாருடைய சிக்கனம் அது என்பது நினைவில்லை. ஒரே இழுப்பில் இரண்டும் பற்றிக்கொள்ளும் என்பார், கணிதக்காரர் அல்லரா!

ஓராண்டு நவராத்திரி, ரமழான் நோன்பு மாதத்துக்குள் வந்து சேர்ந்தது. விசயதசமிக்கு மறுநாள், தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றிலிருந்து பேருந்தில் வந்த ஒரு தாய் ஆசிரியர் அறை வாசலில் நின்றார். செல்வராணி என்னும் என் மாணவியின் தாய். அருகு மேசையில் ஜவாத் மாஸ்டர் நோன்பின் வறண்ட உதடுகளோடு வரவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"சரஸ்வதி பூசைக்குப் புள்ளைங்க கொப்பியெல்லாம் சாமி படத்துக்கு முன்னால அடுக்கி வச்சோம். சாம்பிராணி போட்டும் காம்பரா பூரா சிகரட் நாத்தம். எங்க வூட்டுக்காரரு, பூசை முடியிற வரைக்கும் தொடமாட்டேன்னு சாமிக்குச் சொன்ன மனுசன். சத்தியத்த மீறிட்டாருன்னு வாயில வந்ததெல்லாம் ஏசிட்டேன். அவரு சுண்டலக்கூடத் தொடாம லயத்துக் கோடியில போயிக் குந்திட்டாரு."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. "அப்புறம்?" என்றேன்.

"நேத்துக் கொப்பிய எடுக்கறப்பதான் தெரிஞ்சிச்சு. கணக்குக் கொப்பி நாறல, சேர். சமயக் கொப்பி நாறல. தமிழ்க் கொப்பிதான்."

அந்தத் தாய் தரையைப் பார்த்தவாறே, "சேரக் குத்தம் சொல்லல. கொப்பிய இங்கயே பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்று கூறி, கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கற்பித்த மொழியை ஓர் ஏழைக் குடும்பம் கலைமகள் திருமுன் வைத்து வணங்கியது. அது என் வாய் நாற்றத்தை வீசிற்று. அதன் பொருட்டுக் குற்றமற்ற ஒருவர் பூசை நாளில் பட்டினி கிடந்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர், கணக்குல அழுக்கு ஒட்டாது," என்று பதிவேட்டுக்குள் முகம் புதைத்துச் சிரித்தார் ஜவாத். அவரும் என்னளவு புகைபிடிப்பவரே. ஆனால் கொப்பிகளை வகுப்பிலேயே திருத்தி முடித்துவிடுவார். நிமிர்ந்து என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

அன்று பேருந்துக்கு நடக்கையில் அவரே பேச்செடுத்தார். "பொழுது பட்டு மஃரிப் சொல்ற வரைக்கும் அல்லாஹ் எனக்குத் தடை போட்டிரிக்கான். ஒங்களத் தடுக்க ஆரு? இப்பிடிச் செய்ங்க. நோன்புப் பெருநாள் வரைக்கும் பகல்ல நான் தொடமாட்டேன், கடைக்கும் வர மாட்டேன். நீங்க பகல்லயும் தொட வாணாம், ராவுலயும் தொட வாணாம். பொறகு பாப்போம், ஆரு ஆம்புளன்னு."

ஒப்புக்கொண்டேன். பெருநாளுக்கு மூன்று வாரங்கள் இருந்தன. பேருந்தைப் போகவிடக் காரணமில்லாமையால் முதற்பேருந்திலேயே ஏறி, பூட்டிய பள்ளிக்கூட வாயிலில் காவலாளிபோல் நின்றேன். வெறுந்தேநீர் பாத்திரம் கழுவிய நீராகச் சுவைத்தது. கை ஐந்து நிமிடத்துக்கொரு முறை சட்டைப்பைக்குள் போய்க் கராம்பைத் தடவிவிட்டு வெட்கித் திரும்பியது. கொப்பி திருத்துகையில் சிவப்புப் பேனாவைக் கவ்வியிருந்து, ஒரு நாள் உதடு சிவக்க வகுப்புக்குப் போனேன். "சேர் வெத்தில போட்டிருக்காரு" என்று பின்வரிசை மகிழ்ந்தது.

இரண்டாம் வாரத்தில் மேசையடித் தகரத்தை நானே எடுத்தேன். பலா மரத்தடியில் குழி தோண்டி அதைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே வாந்தியெடுத்தேன். மனைவி தண்ணீர்ச் செம்புடன் வந்து, "இவ்வளவு நாளா நான் என்னா பாடு பட்டிருப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பெருநாளன்று ஜவாத் மாஸ்டர் வட்டிலாப்பம் என்னும் இனிப்புடன் வீட்டுக்கு வந்து, "பொன்னு முடிஞ்சிச்சு மாஸ்டர், நாளைக்கிக் கடையில" என்று கண் சிமிட்டிப் போனார். நோன்பை நோன்பு என்னாது, ஒலியைப் புரட்டிப் 'பொன்னு' என்று குறும்பாய்ச் சொல்வது அவர் வழக்கம்.

மறுநாள் அவர் இரண்டு வாங்கினார். இரண்டையும் கவ்வினார். கயிற்றை இழுத்தார். ஒன்றை எடுத்து நீட்டினார். அப்போதுதான் முதன்முறையாக அதன் நுனியைப் பார்த்தேன்: ஈரமாய், அவர் உதட்டுத் தோலின் சிறு துணுக்கொன்று ஒட்டியிருந்தது. பதினான்கு ஆண்டுகளாக இதையா வாயில் வைத்தேன்?

"வேண்டாம் ஜவாத்."

"பந்தயத்துல நீங்க வெண்டுட்டீங்க, ஒத்துக்கிறேன். இந்தாங்க."

"பந்தயத்துக்காக இல்லை. இனி எப்போதும் வேண்டாம்."

அவர் இரண்டையும் தாமே புகைத்தார். ஒன்று விட்டு ஒன்று, மாறி மாறி. அது வேடிக்கை என எண்ணி நான் சிரித்தேன்.

அதன் பின்னரும் இடைவேளையில் அவருடன் போய் நின்றேன். விடவேண்டியது புகையை மட்டுமே, நண்பரையல்ல என்று உறுதியாயிருந்தேன். ஆனால் மூக்கு என் உறுதிக்கு உட்படவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் சட்டை, மூச்சு, அவர் தொட்ட சுண்ணக்கட்டி யாவும் நாறத் தொடங்கின. காற்று வரும் திசை பார்த்து நின்றேன். பிறகு கைக்குட்டை எடுத்தேன்.

"மாஸ்டர், நான் நாறுறேனா?" என்று ஒரு நாள் கேட்டார். கேலியாகக் கேட்பார் என்றே பழகியிருந்தேன். அன்று அவர் குரலில் கேலி இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். சொற்களைச் சீர்தூக்கியே வாழ்ந்தவன் நான்; அந்தக் கணத்தில் கைவந்தது ஒரே சொல். "ஆம்" என்றேன்.

"சரி. தமிழ் சேர் சொன்னா சரியாத்தான் இரிக்கும்."

மறுநாளிலிருந்து அவர் என்னருகே அமராமல் பேருந்தின் பின்னிருக்கைக்குப் போய்விட்டார். பகையில்லை, தம் மகளுக்காக அவர் என்னிடம் அகராதி கேட்டதும் அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் வட்டிலாப்பமும் வந்தது, பிள்ளைகள் கையில். அவர் வரவில்லை.

அந்த அகராதியை மதிற்சுவரில் விரித்து வெயிலில் வைத்தேன். "தாளுக்கு நடுவுல கராம்பு போட்டு வைக்கட்டுமா?" என்று மனைவி கேட்டாள். வேண்டாமென்றேன். கராம்பு மணமும் எனக்கு இப்போது ஆகாது. அந்நூல் என் மேசையில் பல்லாண்டு கிடந்து, பின்னர் அவர் வீட்டில் பல்லாண்டு கிடந்தது. அந்நாற்றத்தில் எது என்னுடையது, எது அவருடையது என்று பிரித்தறிய முயன்றேன். முடியவில்லை, அருவருப்பே மிஞ்சியது.

எதிர்க்கடை இருந்த இடத்தில் இன்று கைபேசி விற்கிறார்கள். தூணும் இல்லை, கயிறும் இல்லை. என் விரல்களின் மஞ்சள் எப்போது மறைந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அகராதியை உள்ளே எடுத்துவந்து, மூக்கைத் தாளோடு ஒட்டி முகர்ந்தேன். மனைவியிடமும் நீட்டினேன்.

"ஒண்ணும் வரலீங்க. வெறும் தாளு."

நல்லதாயிற்று என்றேன். பிறகு, அவள் அடுப்படிக்குப் போனதும், மீண்டும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன்.