தவுக்கே மகளும் நானும் சேர்ந்த பள்ளிக்கூடம்

1930களின் தொடக்கத்தில் நாங்கள் மலாயாவில், ஜொகூரின் சிகாமட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் கேட் கீப்பர் வேலை. ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி, கரையோரம் இருந்த அரசாங்க ஆங்கிலப் பள்ளியின் பலகைச் சுவர்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. வகுப்பு பெஞ்சு ஒன்று தண்டவாளத்தின் மேல் வந்து கிடந்தது.

ரப்பர் விலை விழுந்து, எதற்கும் அரசாங்கம் கையை விரித்துக்கொண்டிருந்த காலம். இருந்தும் பள்ளியை மேட்டில், செங்கல்லில் கட்ட முன்வந்தார்கள். மேல் வகுப்புகளுக்கும் அறைகள் சேர்த்தார்கள். அதுவரை மேலே படிக்க ஜொகூர் பாருவில் போய்த் தங்க வேண்டும். எங்களுக்கு அது நடக்காத காரியம்.

தேவாலயத்தை ஒட்டிய சின்னப் பெண்கள் பள்ளியில் கடைசி வகுப்பை முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்தேன். கட்டடம் முடியும் தறுவாயில் அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனால் இத்தனை பெடியன்களுக்கு நடுவில தனியொரு பொம்பிளைப் பிள்ளையை நான் எப்படி வைச்சிருக்கிறது?"

"கவர்மெண்டு எல்லாப் பிள்ளைங்களுக்கும்தானேங்க கட்டுது?" என்றார் அப்பா. யாரிடமும் அவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

இன்னொரு பெண் வந்தால் இருவரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லித் தலைமையாசிரியர் எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். கட்டடத்துக்கு ஆணியும் தகரமும் கொண்டுவரும் சீன முதலாளி லாரியருகே நின்றிருந்தார். டவுனில் கடை வைத்திருந்த அவரை எல்லோரும் தவுக்கே என்பார்கள்; எங்களுக்கு முகப்பழக்கம், அவ்வளவுதான். என்ன விஷயம் என்று மலாயில் விசாரித்தார். அப்பா சொன்னார். தவுக்கே அந்தச் சுவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு சாமான் இங்க இறக்கியிருக்கேன். என் மக கடையில உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கிட்டு இருக்கா" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக உள்ளே போனார். "அனாக் சாயா பூன் மாசோக்!" என்று அவர் குரல் கேட்டது. என் மகளும் சேருகிறாள் என்று அர்த்தம்.

அவர் மகள் முதல் நாள் உம்மென்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கோபம் அவளுக்கு. ஆனால் போகப் போகக் கணக்கில் என்னையும் பையன்களையும் மிஞ்சிவிட்டாள். மறு வருஷம் இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் அவள் சிங்கப்பூரில் நர்ஸானாள், நான் ஆசிரியையானேன்.

இப்போதும் எங்காவது புதுப் பள்ளிக்கூடம் எழும்புவதைக் கண்டால் சந்தோஷப்படுகிறேன். ஆனால் யாருடைய பிள்ளை இன்னும் வெளியே நிற்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.