கதவடியில் உட்கார்ந்த பிரசங்கியார்

உனைசி என் நாத்தனார். கந்தாவு தீவில் ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் பிரசங்கத்துக்கு அனுப்பப்படுகிறவர்களில் அவளும் ஒருத்தி. கட்டைக் குரல். பிரசங்கமும் நீளம். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் அவளைவிடப் பெரிய பிரசங்கியார் எங்கள் கரையில் இல்லை. மறுக்கிறவர்கள் என்னிடம் வந்து பேசட்டும்.

அவள் மகள் செரெய்மாவைப் பக்கத்து ஊர் நத்தோவுவில் அபெனிசா என்ற பெரியவரின் மகனுக்குக் கொடுத்திருந்தது. அந்த வருஷம் என் கொழுந்தன், அதாவது உனைசியின் தம்பி, எங்கள் எல்லையில் கிடக்கிறதென்று அபெனிசாவின் வலையைக் கத்தியால் கிழித்துப் போட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றது. அந்தச் சமயத்தில்தான் செரெய்மாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. தாய்வீட்டுப் பெண்கள் பாய்கள் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். நத்தோவுக்காரர்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை குப்புற விழவும் தொடங்கிவிட்டது. உனைசி அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த நிலையில் நத்தோவுவில் பிரசங்கம் செய்யும் முறை அவளுக்கு வந்தது. அன்றைக்குப் பிரசங்கியாருக்குச் சாப்பாடு போடும் முறை அபெனிசா வீட்டுக்கு. இருவரில் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. துணைக்கு நான் போனேன்.

"மன்னிப்பப் பத்தி ஒரு போடு போடு, உனைசி. ஊரே அழுதுடும். பிள்ளையத் தூக்கி உன் மடியில போட்டுடுவாங்க" என்றேன் வழியில்.

"சும்மா வாங்க அண்ணி."

அன்று அவள் யோனாவைப் பற்றிப் பேசினாள். நான் பாதியில் கண்ணயர்ந்தேன். மன்னிப்பு என்ற சொல் ஒருதரம்கூட வரவில்லையென்று சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு அவளை வீட்டின் மேல்பக்கம் உட்காரவைத்தார்கள். பிரசங்கியாருக்கு அதுதான் இடம். சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பால் மீனும். திரைக்குப் பின்னால் பிள்ளை அழுதது. அவள் கை ஒரு கணம் நின்றது, பிறகு சாப்பிட்டாள். அபெனிசாவால் பொறுக்க முடியவில்லை.

"என்ன பிரசங்கியாரம்மா, உங்க வேதத்துல மன்னிப்புங்கற பக்கத்த எலி தின்னுடுச்சா? காதத் தீட்டிக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்!"

"மேடையில நின்னு சொன்னா நீங்க எதிர்த்துப் பேச முடியாது சம்பந்தி. ஆமென்தான் சொல்லணும். தப்பு எங்க வீட்டுது. அத மேல நின்னுக்கிட்டா கேக்கறது?"

கை கழுவினாள். வேதப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். குனிந்தபடியே நடந்துபோய், செருப்புகள் கிடக்கும் கதவடியில் தலைகுனிந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மன்னிப்புக் கேக்கற முறைப்படி யங்கோனா வேரோட வரணும்னு இருந்தேன். நீங்க இன்னிக்கே பேச்செடுத்துட்டீங்க. எங்கள மன்னிச்சிருங்க. முடியாதுன்னா அதையும் சொல்லலாம்."

"வெறுங்கையோட யாரு மன்னிப்புக் கேப்பா?" என்றார் அபெனிசா.

உனைசி எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி தொரிகா எழுந்தாள். பரணிலிருந்து ஒரு முரட்டு வேரை இறக்கி உனைசியின் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, இதக் குடுங்க."

"நம்ம வீட்டு வேர நமக்கே குடுக்கறதா?" என்று கத்தினார் அபெனிசா.

"ஆமா. வாங்கறீங்களா, இல்ல நான் வாங்கிக்கட்டுமா?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். உனைசி வேரை இரு கையாலும் நீட்டினாள். அவர் மனைவியை முறைத்தார். பிறகு கை நீட்டி வாங்கி, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார். கூடியிருந்த எல்லாரும் தட்டினோம்.

"ஆனா பாய் வராம பிள்ளையத் தரமாட்டேன்" என்றார் உடனே.

"நான் கேட்டேனா?" என்றாள் உனைசி.

மறுநாள் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் பாய்களோடு போனோம்; ஆண்கள் ஒரு புது வலையைச் சுமந்து வந்தார்கள். உனைசியின் கையில் பிள்ளையைக் கொடுத்ததும் அது வீறிட்டு அழுதது. முகம் தெரியாதவள் அல்லவா? செரெய்மா கை நீட்டினாள். உனைசி தரவில்லை. அழுது ஓய்ந்து அவள் தோளிலேயே தூங்கிப்போகும்வரை வைத்திருந்தாள்.