கட்டில் காலுக்குச் செங்கல்

அன்று கால்வாய்க் கதவுக் கொட்டகைக்கு வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓவர்சியர் பாபு. கூரை ஒழுகியதால் உள்ளேயும் குடையை மடக்காமல் நின்றார்.

சப்ரா ஊர்க்காரர். கதவு சுற்றுகிற கலாசிகளில் மூத்தவர். சர்தார் என்று கூப்பிடுவோம்.

ஒரு போலீஸ்காரர். சின்ன வயசு. பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

எதிர்க்கரையில் பொரி விற்கிற அம்மா. நான் பௌதி என்பேன். கல்கத்தாவில் அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள். அவர் என்னைத் தாதா என்பார், அண்ணன் என்று.

நான்.

பௌதியின் வீட்டுக்காரர் அங்கே இல்லை. சணல் மூட்டை ஏற்றும்போது விழுந்து கால் முறிந்தவர். இடுப்பு வரை மாவுக்கட்டு. எதிர்க்கரைக் குடிசையில் பலகைக் கட்டிலில் கிடந்தார்.

டாலிகஞ்ச் பக்கம் ஆதி கங்கை என்று ஓர் ஓடை. பெரிய கங்கையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். ஏறுவது ஜோயார், இறங்குவது பாட்டா. நாளுக்கு இரண்டு தடவை. அந்த ஓடையில் ஒரு சாக்கடைக் கால்வாய் வந்து விழுகிற இடத்தில் இரும்புக் கதவு. ஜோயாரில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கங்கை ஊருக்குள் வரும். பாட்டாவில் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர்த் தண்ணீர் வெளியே போகாது. அதுதான் என் வேலை. பதினொரு வருஷம் செய்தேன்.

நான் ராமநாதபுரத்துக்காரன். மூன்று வருஷம் மழை இல்லாமல், கிணற்றுக்குள் இறங்கிக் கொட்டாங்கச்சியால் வழித்து எடுத்துக் குடித்துவிட்டு ரயில் ஏறியவன். தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு ஒருவன் சம்பளம் வாங்குவான் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கதவு முழுசாகத் தூக்கக் கைப்பிடியை அறுபத்து நான்கு சுற்று சுற்ற வேண்டும். இரண்டு ஆள் வேலை. சர்தார் இந்தியில் எண்ணுவார், நான் தமிழில். கல்கத்தா வந்த புதிதில் நம்ம ஊர்க்காரர் மளிகைக் கடையில் அரிசி அளந்தேன். அங்கே முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்று தொடங்க வேண்டும். லாபம், இரண்டு, மூன்று. நாக்கு பழகிவிட்டது. கதவுக்கும் அப்படித்தான் எண்ணினேன்.

"யாருக்குடா லாபம், மத்ராசி?" என்பார் சர்தார். "சாக்கடைக்கா?"

நாங்கள் பேசியது வங்காளமும் இந்தியும். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. புரட்டாசி. துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள், துணி கட்டவில்லை. மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் மூங்கில் தண்ணீரில் நின்றது. ஜோயார் ஏறியதும் கதவை இறக்கினோம். வெளியே கங்கை, உள்ளே மழை. கால்வாய் தன் பாட்டுக்கு ஏறியது.

எங்கள் பக்கம் தண்ணீர் ஏறினால் முதல் வேலை, கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பது. அளவே அதுதான். போன வருஷம் எங்களுக்கு இரண்டு செங்கல் தண்ணீர், உங்களுக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்வார்கள். எங்கள் கொட்டகைக்குப் பின்னால் செங்கல் அடுக்கியிருந்தது. கரைச் சுவர் கட்டுவதற்கு வந்தது. ஓவர்சியர் எண்ணி எழுதி வைத்திருந்தார்.

காலையில் பௌதி மூங்கில் பாலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொரி டின்னைத் தலையில் கவிழ்த்திருந்தார், குடைக்குப் பதில்.

"மத்ராசி தாதா, பன்னெண்டு செங்கல் குடு. காலுக்கு மூணு."

"ஓவர்சியர் வரட்டும் பௌதி."

"அவர் நீந்தி வர்றதுக்குள்ள எங்க வீட்டாளு மீன் பிடிச்சிருவாரு."

சர்தார் சிரித்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். லாபம், இரண்டு, மூன்று.

"திருப்பித் தரணும். கணக்கு இருக்கு" என்றேன்.

"உன் செங்கல்ல நான் என்ன, பொரில கலந்தா விக்கப் போறேன்?"

டின்னில் நான்கு நான்காக மூன்று நடை கொண்டுபோனார். சர்தார் கூடப் போய்க் கட்டிலைத் தூக்கிப் பிடித்தார். திரும்பி வந்து, "ஆளு கட்டில்ல ராஜா மாதிரி இருக்கான், பீடி கேக்கறான்" என்றார்.

மத்தியானம் பௌதி மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அக்கம் பக்கத்தில் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்களாம். அங்கே சர்க்காரில் பெயர் எழுதுகிறார்களாம். பெயர் எழுதினவர்களுக்குத்தான் அவலும் வெல்லமும். நேரில் நிற்க வேண்டும்.

"தாதா, பலகைக்கு ஒரு சாண்தான் இருக்கு. இன்னும் எட்டு குடு. இல்லன்னா அவரைத் தூக்க நாலு ஆளு குடு. இல்லன்னா இந்தக் கதவைத் தூக்கு. ஏதாவது ஒண்ணு செய்."

சுவரில் ஜோயார், பாட்டா நேரம் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் படிக்க வராது. எண் படிப்பேன். பாட்டா இரண்டு மணிக்கு.

"ரெண்டு மணிக்குக் கதவு தூக்கிருவோம் பௌதி. அரை மணியில ஒரு முழம் இறங்கிரும். செங்கல் வேணாம். நீ போய்ப் பேரை எழுது. அவல் தீந்துடப் போகுது."

"நிஜமா?"

"பதினோரு வருஷமா இதானே பாக்கறேன்."

அது பொய். அப்போது ஏழாவது வருஷம். அவர் நம்பட்டும் என்று கூட்டிச் சொன்னேன்.

"நீ சொன்னா சரி" என்றார். டின்னைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். இடுப்பளவு தண்ணீர். மெதுவாகத்தான் போனார்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓவர்சியர் பாபு வந்தார், அந்தப் போலீஸ்காரரோடு. சட்டைப்பையில் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு சீட்டு. மேலே எங்கேயோ அணை திறந்துவிட்டார்களாம். பாட்டாவிலும் கங்கை இறங்காது, கதவு தூக்கினால் ஊர் முழுகும், மறு உத்தரவு வரை தொடக் கூடாது என்று சீட்டு. கூட்டம் வந்து கதவில் கை வைத்தால் தடுக்கப் போலீஸ்.

கூட்டம் வரவில்லை. நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம்.

கதவுக்கு உள்ளே ஓர் அளவுப் பலகை, வெளியே ஓர் அளவுப் பலகை. நான் வெளிப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டரை மணிக்கு அது உள்ளே இருப்பதோடு சமமாக வந்தது. பிறகு இரண்டு விரல் கீழே போனது.

"பாபு, கங்கை இறங்குது. பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இறங்குதுதான். சீட்டுல தொடாதேன்னு இருக்கே."

"சீட்டு எழுதினவர் இங்க இல்லையே பாபு" என்றார் சர்தார்.

"டெலிபோன் செத்துக் கிடக்கு. நான் யாரைக் கேக்கட்டும்? நாளைக்கு ஊர் முழுகினா சீட்டுக்குப் பதில் சொல்றது நீயா? உனக்கு என்ன, ரயில் ஏறி சப்ராவுக்குப் போயிருவ."

சர்தார் கைப்பிடியில் கை வைத்திருந்தார், எடுத்துவிட்டார். ஓவர்சியர் கெட்டவர் இல்லை. சீட்டை எடுத்து மறுபடி படித்தார்.

கதவு மேலிடத்து உத்தரவு. அது சரி. செங்கல் எனக்குப் பின்னால் இருந்தது.

நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. எட்டு செங்கல். டின் இல்லாமல் இரண்டு நடை. பாலத்தைத் தாண்டி அறுபது எழுபது அடி. ஆனால் காலையில் கொடுத்த பன்னிரண்டையே ஓவர்சியரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நின்றார். சீட்டைப் பார்த்துப் பயந்திருந்த மனுஷர். இப்போது செங்கல் பேச்சு எடுத்தால் கத்துவார் என்று நினைத்தேன். கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தேன்.

மூன்று மணி இருக்கும். எதிர்க்கரையில் ஒரு சத்தம். டொக். கொஞ்சம் விட்டு டொக். மரம் தகரத்தில் இடிக்கிற சத்தம்.

"என்ன அது?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"படகு கட்டியிருப்பாங்க. ஆடுது" என்றேன்.

அந்தக் கால்வாயில் படகு கிடையாது. ஏழு வருஷத்தில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை.

பௌதி நாலு மணிக்கு மேல் திரும்பினார். மூன்று ஆட்களைக் கூட்டி வந்திருந்தார், வீட்டுக்காரரைத் தூக்க. மடியில் அவல் முடிச்சு. பாலத்தில் நின்று கதவைப் பார்த்தார். இறங்கியே இருந்தது. என்னைப் பார்த்தார். போய்விட்டார்.

பிறகு குடிசைக்குள்ளிருந்து பௌதி அலறுகிற சத்தம் வந்தது. நான் ஓடினேன். போலீஸ்காரரும் ஓடி வந்தார்.

தண்ணீர் பலகையைத் தாண்டியதும் கட்டில் மிதந்திருக்கிறது. மாமரப் பலகை, கனம் இல்லை. ஒரு பக்கம் செங்கல்லை விட்டு வழுக்கியதும் ஆள் சரிந்துவிட்டார். மாவுக்கட்டு கீழே இழுத்துவிட்டது. மார்பளவு தண்ணீர்தான். கால் இருக்கிறவன் எழுந்து நின்றுவிடுவான். ஆள் போன பிறகு கட்டில் லேசாகி, அலைக்கு அலை தகரச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு நான் கேட்டது அதுதான். அந்தச் சத்தம் கேட்கும்போது கட்டிலில் யாரும் இல்லை.

ஐந்து மணிக்கு மறு உத்தரவு வந்தது. தூக்கலாம் என்று. சர்தாரும் நானும் சுற்றினோம். அவர் எண்ணினார். நான் எண்ணவில்லை.

அந்த வாரம் ஓர் ஆபீசர் வந்தார். கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்று கேட்டார். ஐந்து என்றேன். எழுதிக்கொண்டார். செங்கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டில் எங்கள் கட்டில் எப்போதும் இரண்டு செங்கல் மேல்தான் நிற்கும், ட்ரங்குப் பெட்டி அடியில் போக. அதை எடுத்தேன். கட்டிலையும் சுவரோரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன்.

"பொட்டிய எங்கங்க வைக்க? எறும்பா மொய்க்குது கீழ" என்றாள் என் வீட்டுக்காரி.

"வெளிய வை."

"என்னா நடந்துச்சுன்னாச்சும் சொல்லுங்களேன்."

திரும்பிப் படுத்துக்கொண்டேன். காற்றடித்தால் நிமிர்த்தி வைத்த கட்டில் சுவரில் தட்டும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன். தட்டுவது நிற்கவில்லை. ரயிலில் கேட்கும். மழை இல்லாத சித்திரையில், கால்வாய் வெடித்துக் கிடக்கிற மாதத்தில் கேட்கும். கொட்டகையில் இருந்தால் வெளியே போய் அளவுப் பலகையைப் பார்ப்பேன். தண்ணீரே இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

பூஜை முடிந்து தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலையில் பௌதி வந்தார். அண்ணன் ஊருக்குப் போகிறாராம். அதே பொரி டின். உள்ளே நான்கு செங்கல். கீழே வைத்துவிட்டுப் போனார். மறுபடி நான்கு. மறுபடி நான்கு. சேறு ஒட்டாமல் கழுவியிருந்தது. ஈரமாக இருந்தது.

"வேணாம் பௌதி" என்றேன்.

"கணக்கு இருக்குன்னு சொன்னியே தாதா. எண்ணிக்கோ."

ஓவர்சியர் பாபு வாசலில் நின்றிருந்தார். "எந்தச் செங்கல் இது?" என்றார். "எங்கேர்ந்து வருது?"

"நான் குடுத்தது பாபு. மழையன்னைக்கு."

அவர் என்னைப் பார்த்தார், பௌதியைப் பார்த்தார். வெள்ளைப் புடவை. குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் எடுத்துக்கச் சொல்லியிருப்பேனே" என்றார்.

பௌதி டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். செங்கல் தூள் கொட்டியது. போகாமல் நின்றார். நான் எண்ணுவதைப் பார்க்க நின்றார்.

குனிந்து எண்ணினேன். நாக்கில் லாபம் வந்தது. விழுங்கிவிட்டு ஒன்று என்று தொடங்கினேன்.

பன்னிரண்டு.