கைப்பிடி கழற்றிய கதவு

கூட வேலை செய்பவர்கள் அவனைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாவது மாடிச் சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவன் அவன். பதினான்கு வருஷப் பெயிண்ட் வேலையில் உயரம் அவனை ஒன்றும் செய்ததில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகுதான் பயம் ஒட்டிக்கொண்டது. மேசையின் முனை, கொதிக்கிற தண்ணீர், தெருமுனையில் திரும்பும் வண்டி, எதைப் பார்த்தாலும் முதலில் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

"சுவத்துல தொங்குற ஆளு, மாடிப்படியில புள்ளைங்க கையை விட மாட்டேங்குது" என்று மனைவி கேலி செய்வாள்.

இலையுதிர் கால விடுமுறைக்காகப் பள்ளிக்கூடத்தை ஒரு வாரம் மூடிவிட்டார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்ன அவளுடைய அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பெண்களையும் தான் பெயிண்ட் அடிக்கும் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான்.

நான்காவது மாடியில் காலி வீடு அது. பெரியவளுக்கு ஆறு வயது. எதற்கும் சட்டம் பேசுவாள் என்பதால் வீட்டில் அவள் டீச்சரம்மா. சின்னவளுக்கு மூன்று முடிந்து இரண்டு மாதம். அவள் வாலு. அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

உள்ளே போனதும் முன்னறையின் மூலையில் பழைய போர்வையை விரித்து இருவரையும் உட்கார வைத்தான். காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தான். "இங்க இருக்கிற எதையும் தொடக்கூடாது. ஏணி, டப்பா, பிரஷ், எதையும். புரிஞ்சுதா?" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னான். டீச்சரம்மா தலையாட்டினாள். வாலு அப்போதே பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தான். கைப்பிடியில் பெயிண்ட் படாமல் இருக்க இரண்டு பக்கமும் கழற்றி, உள்ளே இருந்த கருவிப் பெட்டிமேல் வைத்தான். கதவின் நடுவே சின்னச் சதுர ஓட்டை மட்டும் இருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஓர் அட்டையை மடித்துச் செருகினான். வாடை வெளியேறட்டும் என்று எதிரே, ஏணிக்குப் பின்னால் இருந்த பெரிய ஜன்னலைத் திறந்துவிட்டான். வெளியே மரங்களிலிருந்து காய்ந்த இலைகள் காற்றில் சுழன்று உதிர்ந்தன.

காலி டப்பாவை மாடிப்படி ஓரத்தில் வைக்க வெளியே வந்தான். நாலே எட்டு. முதுகுக்குப் பின்னால் கதவு படாரென்று அறைந்து மூடியது.

திரும்பி வந்து தள்ளினான். அசையவில்லை. உள்ளே தாழ் நாக்கு விழுந்துவிட்டது, கைப்பிடி இல்லாமல் அது திறக்காது. கைப்பிடிகள் உள்ளே, ஸ்க்ரூடிரைவர் உள்ளே, போன் உள்ளே மாட்டியிருந்த சட்டைப் பையில். அவன் கையில் பெயிண்ட் துடைக்கும் துணி மட்டும் இருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள் போல, சத்தமே இல்லை. கீழே ஓடி யாரையாவது கூப்பிடலாம் என்று இரண்டு படி இறங்கினான். இறங்கியவன் அப்படியே நின்றான். தன் குரல் கேட்காத அந்த ஐந்து நிமிஷத்தில் உள்ளே என்ன நடக்கும்? மறுபடி மேலே ஏறினான்.

குனிந்து சதுர ஓட்டையில் கண்ணை வைத்தான். விரல்நகம் அளவுக்குத்தான் அறை தெரிந்தது. ஏணியின் இரண்டு படிகள். அதற்குப் பின்னால் திறந்த ஜன்னலின் வெளிச்சம். அவற்றில் மேல்படியில் ஒரு குட்டிக் கால், சிவப்புக் காலுறையோடு. கதவுக்கடியில் இருந்த அட்டை இன்னொரு படியில் கிடந்தது. அதை உருவியது யார் என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை.

 கத்த வாயைத் திறந்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். திடுக்கிட்டு அவள் திரும்பினால் போதும். சிவப்புக் கால் இன்னொரு படி ஏறி, ஓட்டைக்கு மேலே மறைந்துபோனது.

"டீச்சரம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "பாப்பா என்ன பண்றா?"

"இலை பிடிக்கப் போறா. ஏணியில ஏறிட்டா."

"நீ அவ பக்கத்துல போய் நில்லு கண்ணு."

"ஏணியைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தொட வேணாம். பக்கத்துல நின்னா போதும்."

காலடிச் சத்தம் கேட்டது.  வீட்டில் ஒளிந்து விளையாடும்போது பேசுகிற குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தான்.

"வாலுக்குட்டி, அப்பா ஒளிஞ்சுக்கிட்டேனே. எங்க இருக்கேன் சொல்லு."

 காற்றில் ஜன்னல் கதவு ஒருமுறை அடித்தது.

"கதவுல ஒரு குட்டி ஓட்டை இருக்கு. அதுக்குள்ளதான் இருக்கேன். பாக்கணும்னா இறங்கி வரணும். வந்த மாதிரியே, பின்பக்கமா, மெதுவா."

ஓட்டையில் கண்ணை வைத்தபடியே நின்றான். வெறும் ஏணி. வெறும் வெளிச்சம். பிறகு சிவப்புக் கால் ஒன்று கீழே வந்து படியைத் தேடியது. கிடைக்காமல் ஆடியது. பெரியவளின் கை வந்து அந்தக் காலைப் பிடித்துப் படிமேல் வைத்தது.

கொஞ்ச நேரத்தில் ஓட்டை இருண்டது. மறுபக்கம் ஈரமான ஒரு கண் அவனைப் பார்த்தது.

"அப்பா கண்ணு" என்றாள் வாலு, சிரித்துக்கொண்டே.

அதன் பிறகு பெரியவளிடம் பெட்டிமேல் இருந்த கைப்பிடியை எடுக்கச் சொன்னான். "தொடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். அதில் நீட்டிக்கொண்டிருந்த சதுரக் கம்பியை ஓட்டைக்குள் நுழைக்கச் சொன்னான். முதல் தடவை நழுவித் தரையில் விழுந்தது. அழுகை வரும் குரலில், "எனக்கு வரலப்பா" என்றாள்.

"வரும் தங்கம். அவசரமே இல்ல" என்றான்.

மூன்றாவது தடவை கம்பி உள்ளே போனது. அவள் தொங்காத குறையாகக் கைப்பிடியை அழுத்தினாள். கதவு திறந்தது.

பிள்ளைகளைத் தாண்டிப் போய் முதலில் ஜன்னலைச் சாத்தினான். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஏணியைத் தொடல. பாப்பா காலைத்தான் தொட்டேன்" என்றாள் பெரியவள்.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் துணி மடிப்பதை நிறுத்தி, "ஜன்னல் எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டாள். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். அவள் எழுந்து போய், விளையாடிக்கொண்டிருந்த வாலுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாலு திமிறியும் விடவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் சண்டை போட்டு மனைவி லீவு வாங்கினாள். "நான் பாத்துக்கறேன். நீங்க போய் வேலையை முடிங்க" என்றாள். அவன் தனியாகப் போனான். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கால் ஏறவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. யாரும் இல்லாத அந்த அறையில், ஏணியை இறுகப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி, கை எட்டுகிற உயரம்வரை மட்டும் அடித்துவிட்டு, மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பினான்.