கோகிலாவின் டேக்கும் என் பிரிண்டரும்

போன செவ்வாய்க்கிழமை, எங்கள் பனியன் நகரத்தை ஒட்டிய முதலிபாளையத்துக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குப் பழக்கமான கோகிலா என்பவர் ஆறு மெஷின் போட்டு, குழந்தைகளுக்கான துணி தைக்கிறார். கட்டிங் டேபிள் மேல் மூன்று அட்டைப்பெட்டிகள் பிரிந்து கிடந்தன. பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவை.

கோகிலா ஒரு பிளாஸ்டிக் பாலிபேக்கை நீட்டினார். உள்ளே, பிறந்த குழந்தைக்கான வெள்ளைச் சட்டை. நெஞ்சில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை.

"டேக்குல இருந்து கலர் எறங்கிருச்சுங்கண்ணா. முக்காவாசி இப்படித்தானுங்க இருக்குது."

சட்டையில் தொங்கும் அந்தப் பெயரட்டையை, அந்த டேக்கை, வீட்டு பிரிண்டரில் அடிக்கலாம் என்று சொன்னவன்... நான்தான்.

கோகிலா பல வருஷம் மற்றவர்களின் கம்பெனிகளில் டெய்லராக இருந்தவர். தனியாகத் தொடங்கிய பிறகும் ஜாப் வொர்க்தான் செய்தார். தைப்பது இவர், சட்டையில் தொங்குவது வேறு யாரோ ஒருவரின் பெயர். முதல் முறையாக ஒரு பெங்களூர் கடை, "உங்கள் பிராண்டிலேயே அனுப்புங்கள்" என்றது. மகளின் பெயரையே பிராண்டாக்கினார். டேக்கில் ஒரு ரோஸ் நிறப் பூ, நடுவில் அந்தப் பெயர்.

டேக் அச்சடிக்க நானும் கோகிலாவும் பிரஸ்ஸுக்குப் போனோம். "இவ்வளவு கம்மியா ஆப்செட்டுல போட்டா உங்களுக்குக் கட்டாதுங்க. ஆயிரமா எடுத்துக்குங்க. நாலு நாள் குடுத்தீங்கன்னா லேமினேஷன் பண்ணியே தந்தர்றனுங்க" என்றார் பிரஸ்காரர். சரக்கு கிளம்ப மூன்று நாள்தான் இருந்தது.

வெளியே வந்ததும் நான் வாயைத் திறந்தேன். "எதுக்கும்மா ஆயிரம்? எங்க ஊட்டு பிரிண்டர்ல ஒரே மத்தியானத்துல அடிச்சரலாம்."

புது பிரிண்டர் வாங்கிய ஜம்பம்... வேறென்ன?

"பிரஸ்ஸுல அடிச்சாப்புல வருமுங்களாண்ணா?"

"அதைவிட நல்லா வரும்!"

வந்தது. பளிச்சென்று வந்தது. முதல் டேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, மகளின் பெயரை விரலால் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார் கோகிலா. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஸ்டீம் அயர்ன் போட்ட சட்டைகள், அவசரத்தில் ஈரம் காய்வதற்குள் பாலிபேக்குக்குள் போயின. உள்ளேயே வியர்த்திருக்கின்றன. லாரி போன வழியெல்லாம் மழை வேறு. பிரிண்டர் இங்க் கரைந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் முழுவதும் சட்டைகளைத் துவைத்துப் பார்த்தோம். கறை வெளுத்ததே தவிர, போகவில்லை. பச்சைக் குழந்தைக்கு அதை யார் போட்டுவிடுவார்கள்?

கோகிலா கடைக்கு போன் செய்தார். புதிதாகத் தைத்து அனுப்புவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் மரியாதையாகத்தான் பேசினார்கள் — ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். போனை வைத்துவிட்டு, நனைந்த கையைப் புடவையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டீரும்மா" என்றேன்.

"திட்டி என்னங்கண்ணா ஆகப்போவுது? சரின்னு தலையாட்டுனது நானுங்களே."

திட்டியிருந்தால் தேவலை.

பிரஸ்ஸா, பிரிண்டரா? கொட்டேஷன், பில், ஃபைலுக்குள் தூங்கப்போகும் காகிதம் என்றால் வீட்டு பிரிண்டர் போதும். சரக்கோடு ஊர் விட்டு ஊர் போய், நனைந்து, பத்துப் பேர் கை படுகிற எதுவானாலும் பிரஸ்தான். நாள் போதாதா? கடைக்காரரிடம் இன்னும் இரண்டு நாள் கேளுங்கள். நாங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

நேற்று மறுபடி பேசினேன். ஒரு கம்பெனியின் ஜாப் வொர்க்கை எடுத்திருக்கிறார்.

"உங்க பிராண்டு?" என்றேன் தயங்கி.

"அது இப்போதைக்கு வேண்டாமுங்கண்ணா. பாப்பா பேரு அவளோடயே இருக்கட்டும்."

துணியின் சாயம் நிற்குமா என்று பார்க்க இந்த ஊரில் எத்தனையோ டெஸ்டிங் லேப்கள் உண்டு. கேட்காமலே யோசனை சொல்கிறவனைச் சோதிக்கத்தான் ஒன்றுகூட இல்லை.