விரல் நுனி வரை சுரங்கம்

ஒரு பூச்சி என் வயிற்றுக்குள் சுரங்கம் தோண்டுகிறது, பொழுது சாய்வதற்குள் நான் காலி என்று சின்ன வயதில் ஒருமுறை மனப்பூர்வமாக நம்பியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். சாட்சிக்கு என் விரல்களே இருந்தன.

அந்தச் சாரல் சீசனில் ஊரே குற்றாலத்துக்கு அருவி பார்க்க வந்தது. எங்கள் சித்தப்பா மட்டும் இலை பார்க்க வந்தார். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். அரிசிக் குருணை அளவுகூட இல்லாத ஓர் அந்துப்பூச்சி இனத்தின் மேல் அவருக்குப் பைத்தியம். அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே தின்றுகொண்டே போகும். போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். கோட்டை மட்டும் வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாதாம். பூச்சியாக வெளியே வரவேண்டும், சிறகின் நரம்பைப் பார்க்கவேண்டும். லாட்ஜ் அறையில் அவர் சேர்த்து வைத்திருந்த இலைகளிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று.

தென்காசியிலிருந்து குளிக்க வந்த நாங்கள் அருவியில் நன்றாக ஊறிவிட்டு, ஈரத் தலையோடு அவர் அறைக்குப் போனோம். கண்ணாடிக் குப்பியை ஆட்டாமல் அம்மாவிடம் நீட்டினார்.

"மைனி, இந்தச் சாதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல உண்டு. இங்கன உண்டுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. இதுதான் மொத ஆளு!"

"கண்ணாடிதான் தெரியுது தம்பி. ஆளக் காணுமே," என்றாள் அம்மா.

ரோஷத்தில் மூடியைத் திறந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். குப்பி காலி. அதே நொடியில் என் தொண்டையில் ஒரு குறுகுறுப்பு.

சித்தப்பா தரையில் தவழ்ந்து தேடினார். நான் வயிற்றைப் பிடித்தேன். அப்போதுதான் விரல்கள் கண்ணில் பட்டன. நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக, இலையில் பார்த்த அதே வளைவுக் கோடுகள்!

"சித்தப்பா! முழுங்கிட்டேன்! விரல் வரைக்கும் தோண்டிட்டு!"

"தண்ணில ஊறுனா அப்படித்தாம்லே இருக்கும், மூதி," என்று அம்மா சொன்னது என் காதில் ஏறவில்லை.

சித்தப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்த கண் அப்படியே நிலைகுத்தி நின்றது.

"ஏலே, அசையாத! உயிர் போயிரும்!"

மூச்சை நிறுத்தினேன். குற்றாலநாதருக்கு மொட்டை நேர்ந்தேன். அது போதாதோ என்று தங்கச்சி தலையையும் சேர்த்துக்கொண்டேன். சித்தப்பா பூனை நடை நடந்து வந்து என் தோளருகே குப்பியைக் கவிழ்த்து மூடினார்.

"பொழச்சிட்டு! மைனி, பொழச்சிட்டு!"

என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். என் மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று அழுதேவிட்டேன். சித்தப்பா என் உயிரைக் காப்பாற்றிய கதையைப் பள்ளிக்கூடத்தில் வெகுநாள் அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'பொழச்சிட்டு' என்றால் பிழைத்துவிட்டது; எனக்கென்றால் 'பொழச்சிட்டான்' என்றல்லவா சொல்லியிருப்பார்? அந்த வயதில் அது உறைக்கவில்லை. பூச்சி என் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.