சூரியனுக்கு எழுதிய அட்டை

அலுவலகத்தில் அவளுக்கு ‘அட்டைக்காரி’ என்று பட்டப்பெயர். இயந்திரங்களோடு வரும் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து இத்தாலிய மொழிக்கு மாற்றுவது அவளுடைய பதினெட்டு வருட வேலை. அவள் உயிரை வாங்கிய வார்த்தை ஒன்று உண்டு: ‘செட்’. சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட், மேசையில் தட்டு வைத்தாலும் செட், ஸ்பானர்கள் கூட்டமாகக் கிடந்தால் அதுவும் செட். ஆங்கிலக்காரன் ஒரே வார்த்தையில் உலகத்தையே ஓட்டிவிடுகிறான். இத்தாலியக்காரனிடம் அந்தப் பருப்பு வேகாது. ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை கேட்பான். அதனால் அர்த்தத்துக்கு ஓர் அட்டை என்று கொட்டை எழுத்தில் எழுதி, நாற்பத்தொரு அட்டைகளைப் பழைய செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால், சூரியனுக்கு முன்னால் சிமெண்ட் நிற்கிறது. அவள் வரிசை அதுவல்ல. செவ்வாய்க்கிழமையும் யாரோ கைவைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! அந்த அறையில் இருந்ததே இரண்டு பேர். எதிர் மேசையில் அவள் நாத்தனார், கணவனின் அக்கா; இவள் ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவாள். இவள் எழுதுவதை வரிக்கு வரி சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மாதக் கடைசியில் இரண்டு நாற்காலிகளில் ஒன்று போகும் என்று மேலாளர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அட்டைகளில் தப்பைப் பொறுக்கி மேலாளர் காதில் ஓதப் போகிறாளோ? இரண்டு நாளாக அண்ணி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் இவள் கண் பின்னாலேயே போனது.

புதன்கிழமை ஆழம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பின் கையேடு அது. மருந்தின் வேகத்தை ‘செட்’ செய்யச் சொல்லும் வரியில் வேண்டுமென்றே சூரியனுக்கான வார்த்தையைப் போட்டாள். மருந்து அஸ்தமிக்க வேண்டுமாம்! அண்ணி பேசாமல் திருத்தினால் நல்லவள். தாளைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனால் சாயம் வெளுத்துவிடும். கவனிக்காமல் விட்டால், அச்சுக்குப் போகுமுன் தானே பிடித்துக்கொள்ளலாம்.

அண்ணி எழுந்தாள். மேலாளர் அறைப் பக்கம் திரும்பவில்லை. நேராக இவளிடம் வந்து, செருப்புப் பெட்டியைத் திறந்து, சூரிய அட்டையை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள்.

“இதத் தெரியாமலா எழுதின?”

“கவனிக்கல, அண்ணி.”

“பொய் சொல்லாத. உன் தப்பு அத்தனையும் எனக்கு அத்துப்படி. கமாவ விடுவ, ஒருமை பன்மையில சறுக்குவ. சூரியனக் கொண்டாந்து மருந்துல போட மாட்ட. என்னைச் சோதிச்சுப் பாத்தியா?”

இவள் அவசரமாக அட்டையைப் பெட்டிக்குள் செருகினாள். அண்ணி பெட்டியைப் பார்த்தாள்.

“பெட்டியத் தொட்டது நான்தான். கண்ணு மங்கிட்டே வருது. அகராதி எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. உன் அட்டைதான் படிக்க முடியுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” தாளை நீட்டினாள். “நீயே திருத்து.”

அட்டைக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அன்று மதியம் அண்ணி டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய்த் தனியாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் இவளைக் கூப்பிட்டார். “உங்க நாத்தனார் முன்ன மாதிரி கவனமா பாக்குறாங்களா?” ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் நாற்காலி நிலைக்கும்.

“என் தப்பு ஒன்னுகூட அவங்ககிட்ட தப்பாது சார். வேணும்னே விட்டாலும்.”

திங்கட்கிழமை அடுத்த கையேட்டை இருமடங்கு பெரிய எழுத்தில் அச்செடுத்து எதிர் மேசையில் வைத்தாள்.

“சாயங்காலம் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், அண்ணி. நானும் வரேன்.”

அண்ணி சரி என்று தலையாட்டினாள். பக்கங்களைக் கடைசி வரை நிதானமாகப் படித்தாள். பிறகு மறுபடியும் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

“இதுல தப்ப எங்க வெச்சிருக்க?” என்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை.